லோகோ இல்லாத நோட்டு

ரஷ்யாவில் மார்ச் 8, மகளிர் தினம், அரசு விடுமுறை. காலையிலேயே பூக்கடை வாசலில் ஆண்கள் வரிசை கட்டி நிற்பார்கள். மஞ்சள்பொடியைத் தூவினாற்போல இருக்கும் மிமோசாக் கொத்துக்குத்தான் அன்றைக்குக் கிராக்கி. அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகளின் டீச்சருக்கு ஒன்று.

இதை எனக்குச் சொன்னவர் தெற்கு ரஷ்யாவில் ரஸ்தோவ் பக்கத்துக்காரர். 2014 டிசம்பரில் காட்மாண்டுவில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் பக்கத்து நாற்காலியில் இருந்தார். போர் நடந்த ஊர்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கான முகாம் அது. நான் அந்த ரகமில்லை. மதுரையில் ஒரு சின்ன அறக்கட்டளையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முகாமின் வவுச்சர், ஹோட்டல் பில், வருகைப் பதிவேடு எல்லாம் என் பொறுப்பு. அவருடைய இங்கிலீஷையும் என்னுடைய இங்கிலீஷையும் சேர்த்தாலும் ஒரு முழு இங்கிலீஷ் தேறாது. அப்படியும் ஐந்து நாள் பேசித் தீர்த்தோம்.

"1995-இல் மிமோசா வாங்கிக்கொள்ள எங்கள் பெண்கள் பலர் வீட்டில் இல்லை" என்றார்.

அந்த வருடம் மார்ச் 8 அன்று மாஸ்கோவிலிருந்து ஒரு கூட்டம் தெற்கே கிளம்பியது. போகுமிடம், ரஷ்யாவிலிருந்து பிரிந்துபோகப் போராடிய செச்னியாவின் தலைநகர் கிரோஸ்னி. முன்னால் நின்றவர்கள் 'சோல்தாட்ஸ்கியே மாத்தெரி', அதாவது சிப்பாய்களின் அம்மாக்கள். ரஷ்யாவில் இது வெறும் உறவுச்சொல் இல்லை, ஓர் அமைப்பின் பெயர். 1989-இல், சோவியத் யூனியன் இன்னும் உயிரோடு இருந்தபோதே, மரீயா கிர்பாசவா என்ற பெண்ணும் மற்ற தாய்மார்களும் சேர்ந்து தொடங்கியது. அரசைக் கவிழ்க்க வந்தவர்கள் இல்லை இவர்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன்களைப் பாதியில் பட்டாளத்துக்கு இழுத்துப் போனார்கள், அவர்களைத் திருப்பி அனுப்பு என்று கேட்டார்கள். ஏறத்தாழ 1,80,000 மாணவர்கள் முன்கூட்டியே வீடு திரும்பினார்கள். தொடங்கிய வருடமே அது நடந்தது.

அடுத்து அவர்கள் கையில் எடுத்தது 'தெடோவ்ஷ்சினா'. ரஷ்ய மொழியில் 'தெத்' என்றால் தாத்தா. பாரக்கில் சீனியர் சிப்பாய்க்குத் தாத்தா என்று பட்டப்பெயர். தாத்தாக்கள் புதிதாக வந்த பையன்களை அடிப்பது, பிடுங்குவது, பட்டினி போடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே சொல். நம் கல்லூரி ராகிங்கின் கையில் துப்பாக்கியையும் கொடுத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். சண்டையே இல்லாத காலத்திலும் பையன்கள் செத்து வந்தார்கள். அம்மாக்கள் மனு எழுதினார்கள், பாரக் வாசலில் போய் நின்றார்கள், மருத்துவச் சான்றிதழைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பின்னாளில் இதற்குத் 'தலைமைத்துவம்' என்று பெயர் வைத்தார்கள். என் கண்ணுக்கு அது ஃபைல் வேலை. பிடிவாதமான, அலுக்காத ஃபைல் வேலை.

1994 டிசம்பரில் ரஷ்யப் படை செச்னியாவுக்குள் நுழைந்தது. புத்தாண்டு இரவில் கிரோஸ்னிக்குள் அனுப்பப்பட்ட டாங்கிகள் தெருக்களில் எரிந்தன. எத்தனை பேர் செத்தார்கள், யார் யார் பிடிபட்டார்கள் என்று ராணுவம் ஒழுங்காகச் சொல்லவில்லை. அம்மாக்கள் தாங்களே கிளம்பிவிட்டார்கள். சைபீரியாவிலிருந்தும் உரால் பக்கமிருந்தும் ரயிலேறி, கையில் மகனின் பாஸ்போர்ட் சைஸ் படத்தோடு போர் நடக்கும் ஊருக்குள் போய், வீடு வீடாகக் காட்டி விசாரித்தார்கள். பிடிபட்ட சிப்பாய்களில் சிலரை, தேடி வந்த தாயின் கையிலேயே செச்சென் தரப்பு ஒப்படைத்தது. அந்த ரஷ்ய அம்மாக்களுக்குப் படுக்க இடம் கொடுத்ததும் ரொட்டி கொடுத்ததும் செச்சென் பெண்கள். தன் வீட்டுக் கூரையில் குண்டு போட்ட படையில் இருந்தவனின் தாய்க்கு அடுப்பங்கரை ஓரத்தில் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டுறவு, பார்ட்னர்ஷிப் என்று நாம் பேசுவதெல்லாம் அங்கே தொடங்கியது என்பது என் கட்சி. ஒப்பந்தம் இல்லை, லெட்டர்ஹெட் இல்லை.

மகன் கிடைக்காத அம்மாக்கள் ரஸ்தோவுக்குப் போனார்கள். 124-ஆம் எண் ராணுவத் தடயவியல் ஆய்வகம் அங்கேதான் இருந்தது. அடையாளம் தெரியாத உடல்களைக் குளிர்சாதன ரயில் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். முதலில் வீடியோ போட்டுக் காட்டுவார்கள். முகம் இருக்காது. பல், தழும்பு, கால்விரல், சட்டைப் பித்தான் என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும். ரஷ்ய ராணுவத்தில் பிணத்துக்குச் சங்கேதப் பெயர் 'சரக்கு 200'. துத்தநாகப் பெட்டியில் சாலிடர் வைத்து மூடித்தான் வீட்டுக்கு வரும். மகனின் பெயரில் வந்த பெட்டிக்குள் வேறொருவன் இருந்ததும் நடந்திருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் அந்த அம்மாக்களுக்கு ரஸ்தோவில் தங்க இடம் பார்த்துக் கொடுத்தவர்களில் ஒருவர். வீடியோ அறைக்கு வெளியே டீயும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் தன் வேலை என்றார். "சர்க்கரை நிறையப் போடணும். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது."

சரி, அந்த மார்ச் பயணத்துக்கு வருகிறேன். அம்மாக்களோடு வெளிநாட்டுக்காரர்களும் போனார்கள். மாஸ்கோவில் இருந்த, போரே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் உதவினார்கள். ஜுன்செய் தெரசாவா என்ற ஜப்பானிய பௌத்தத் துறவி வட்டமான கைமுரசைத் தட்டிக்கொண்டு கூடவே போனார். அவர் நிப்போன்சான் மியோஹோஜி சங்கத்தைச் சேர்ந்தவர். சங்கத்தை நிறுவிய நிச்சிதாட்சு ஃபூஜி 1933-இல் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தவர். சங்கரன்கோவில் பக்கம் வீரிருப்பில் வெள்ளை வெளேரென்று ஓர் அமைதி ஸ்தூபி நிற்கிறதே, அதைக் கட்டியவர்களும் இவர்கள்தான். ஒருமுறை குற்றாலம் போய்விட்டுத் திரும்பும் வழியில் இறங்கிப் பார்த்தேன். செச்னியா பாதையில் ஒலித்த முரசுக்கும் எங்கள் கரிசல்காட்டுக்கும் இப்படியொரு தொடுப்பு இருப்பது அன்றைக்கு உடன் வந்த யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை, சொன்னால் கதை நீளும்.

கிரோஸ்னி வரை அவர்களை விடவில்லை. செச்னியாவுக்குள் ராணுவம் மறித்து, பஸ்களில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோய் விட்டது. சில நாள் கழித்து, ஏப்ரல் 7, 8 தேதிகளில், மேற்குச் செச்னியாவில் சமாஷ்கி என்ற கிராமத்தில் ரஷ்யப் படை நுழைந்து நூறு பேருக்கு மேல் ஊர்மக்களைக் கொன்றது. வெளியாட்களின் கண் இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் கண்ணை முதலில் அப்புறப்படுத்தினார்கள் என்பது மட்டும் உறுத்துகிறது.

பரிசுகள் வேகமாக வந்தன. சர்வதேச அமைதிப் பணியகத்தின் ஷான் மெக்பிரைட் பரிசு 1995-இல். மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 1996-இல், ஸ்டாக்ஹோமில். பரிசு வாங்கினால் என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். பேப்பரில் படம் வந்த அம்மாவை ராணுவ அலுவலகத்து வாசலில் இரண்டு மணி நேரம் குறைவாகக் காக்க வைப்பார்களாம். அவ்வளவுதானா என்று நினைக்கத் தோன்றும். மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வந்தவளுக்கு இரண்டு மணி நேரம் சும்மா இல்லை.

இதே அம்மாக்கள் 2005 பிப்ரவரியில் இன்னொரு காரியம் செய்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. இரண்டாம் செச்சென் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிவினைவாதிகளோடு பேச்சே கிடையாது என்று கிரெம்ளின் கதவைச் சாத்தியிருந்தது. வலென்தினா மெல்னிகோவாவும் அவருடைய சகாக்களும் லண்டனுக்கு விமானம் ஏறி, செச்சென் தலைவர் அஸ்லான் மஸ்ஹாதவின் பிரதிநிதி அஹ்மத் ஸகாயெவைச் சந்தித்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களும் அறையில் இருந்தார்கள். ராணுவத் தீர்வு கிடையாது, பேச வேண்டும் என்று ஓர் ஆவணத்தில் கையெழுத்தானது. நாட்டுக்குள் மேஜை போட இடமில்லாதபோது வெளியே ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் சாட்சிக்கு ஆளும் கொடுத்தார்கள். வெளிநாட்டுத் துணை செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 8 அன்று மஸ்ஹாதவ் கொல்லப்பட்டார். பேசுவதற்கு எதிரே ஆள் இல்லாமல் போனது. ரஷ்யாவில் அன்றைக்கும் மிமோசா விற்றிருக்கும்.

என் தொழில் பக்கம் கொஞ்சம் வருகிறேன். இந்த அமைப்புகளுக்கு மேற்கு நாடுகளின் அறக்கட்டளைகளும் தூதரகங்களும் பணம் கொடுத்தன. மறைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்கு ஹெல்ப்லைன் நடத்தக்கூட உள்ளூர்ப் பணம் கிடைக்காத தேசம் அது. பணத்தோடு படிவமும் வந்தது. பயனாளிகள் எத்தனை பேர், அதில் தலைவிகளாக உருவானவர்கள் எத்தனை பேர், அளவிடக்கூடிய மாற்றம் என்ன. எஃப்சிஆர்ஏ என்ற நம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி கணக்கு வைத்த எனக்கு இந்தக் கட்டங்கள் நன்றாகப் பழக்கம். வீடியோ அறைக்கு வெளியே டீ போட்டுக் கொடுத்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுத முடியாது. ஆகவே எல்லாரும் பயிற்சி முகாம் நடத்துகிறோம். முகாம் என்றால் தலையை எண்ணலாம். நானே அப்படி ஒரு தலையெண்ணும் வேலைக்காகத்தான் காட்மாண்டு போயிருந்தேன், ஆகவே யாரையும் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

ஐந்தாம் நாள் குழுப் படம். ஹோட்டல் படிக்கட்டில், பின்னால் பேனர், பேனரில் நிதி கொடுத்தவரின் லோகோ. ரஸ்தோவ்காரர் சட்டென்று எழுந்து, "நான் எடுக்கிறேன்" என்று கேமராவை வாங்கிக்கொண்டார். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஊருக்கு வந்து அறிக்கை அனுப்பிய பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: வருகைப் பதிவேட்டில் 23 பேர், படத்தில் 22 பேர், விளக்கவும்.

விளக்கம் 2012-இல் இருந்தது. அந்த வருடம் ரஷ்யாவில் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கி 'அரசியல் நடவடிக்கை'யில் ஈடுபடும் அமைப்பு, தன்னை 'இனஸ்த்ரான்னி அகேந்த்' என்று பதிந்துகொள்ள வேண்டும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வெளிநாட்டு முகவர். நம் காதுக்கு எல்ஐசி ஏஜெண்ட் மாதிரி சாதுவாகக் கேட்கும். ரஷ்யக் காதில் அது உளவாளி. ஸ்டாலின் காலத்து வாசனை அடிக்கும் சொல். அநேகமாக எந்த அமைப்பும் தானாகப் போய் அந்த முத்திரையைக் குத்திக்கொள்ளவில்லை என்பதால், 2014-இல் நீதி அமைச்சகமே பிடித்துச் சேர்க்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஜூனில் வந்த முதல் பட்டியலில் ஐந்து அமைப்புகள். அதில் ஒன்று நொவோசெர்காஸ்க் நகரத்தின் 'தோன் நதிப் பெண்கள் சங்கம்'.

நொவோசெர்காஸ்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. 1962 ஜூன் 2 அன்று, இறைச்சி விலையேற்றத்தை எதிர்த்து ஊர்வலம் வந்த ரயில் எஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மீது சோவியத் படை சுட்ட ஊர் அது. 26 பேர் செத்தார்கள். உடல்களை ராவோடு ராவாகக் கொண்டுபோய் வெவ்வேறு இடுகாடுகளில் புதைத்துவிட்டு, ஊரை வாய் மூட வைத்தார்கள். முப்பது வருடம் கழித்துத்தான் எலும்புகள் வெளியே வந்தன. பிள்ளையின் உடலைத் தேடி அலையும் அம்மா அந்த ஊருக்குப் புதியவள் இல்லை. 1993-இல் வலென்தினா செரெவாத்தென்கோ அங்கே சங்கத்தைத் தொடங்கினார். பெண்ணுரிமை, சட்ட உதவி, பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்த வடக்குக் காகசஸில் சமாதான வேலை. ஜெர்மனியின் ஹைன்ரிஷ் போல் அறக்கட்டளை மாதிரியான கூட்டாளிகள் பல வருடம் கூட இருந்தார்கள். 2016-இல் அவர்மீது குற்றவழக்கு. வெளிநாட்டு முகவர் சட்டத்தின் கீழ் ஒரு தனிமனிதர்மேல் போடப்பட்ட முதல் கிரிமினல் வழக்கு அது. இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். வெளியே ஒரு பெரும் சத்தம் எழுந்தது, அதே வருடம், கொல்லப்பட்ட பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயா பெயரிலான பரிசும் அவருக்குக் கிடைத்தது. 2017 ஜூலையில் வழக்கைக் கைவிட்டார்கள். சத்தம்தான் காப்பாற்றியதா, யார் கண்டார்கள். ஆனால் வழக்கு நடந்த அந்த வருடம் முழுக்க மற்றச் சின்ன அமைப்புகள் என்ன பாடம் படித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பீட்டர்ஸ்பர்க் சிப்பாய் அம்மாக்களின் கதை இன்னும் நேரடியானது. 2014 ஆகஸ்டில், உக்ரைனில் நம் பையன்கள் சண்டை போடுகிறார்கள், காயப்பட்டு வருகிறார்கள் என்று அமைப்பின் தலைவி எலா பல்யக்கோவா வெளிப்படையாகப் பேசினார். அரசோ அங்கே நம் படையே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தது. சில நாளிலேயே அமைப்புக்கு முகவர் முத்திரை விழுந்தது. வெளிநாட்டு நிதியை விட்டொழித்த பிறகு பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. நிம்மதி நீடிக்கவில்லை. 2021 செப்டம்பரில் ரஷ்ய உளவுத்துறையான எஃப்எஸ்பி ஓர் ஆணை போட்டது. ராணுவத்துக்குள் நடக்கும் குற்றம், படையினரின் மனநிலை போன்றவற்றைப் பற்றித் தகவல் திரட்டினாலே முகவர் ஆகலாம். ராணுவத்தில் அடி வாங்கிய பையனுக்கு உதவுவது என்றால் அந்தத் தகவலைத் திரட்டாமல் எப்படி? சிப்பாய்களுக்கு உதவுவதை நிறுத்துகிறோம் என்று அடுத்த மாதமே அறிவித்தார்கள். அதற்கு நாலு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன்மேல் முழுப் போர். சரக்கு 200 வரத் தொடங்கியபோது கதவைத் தட்ட வேண்டிய வீடு பூட்டிக் கிடந்தது.

மறுநாளே பெண்ணியப் போரெதிர்ப்பு இயக்கம் என்று ஒன்று இணையத்தில் பிறந்தது. தலைவி என்று ஒருவர் இல்லை, உள்ளூர்க் குழுக்கள் தாங்களாகவே இயங்கின. அந்த மார்ச் 8 அன்று பல ஊர்களில் பெண்கள் இரண்டாம் உலகப்போர் நினைவுச்சின்னங்களுக்கு முன்னால் பூ வைத்துவிட்டு நடந்தார்கள். பூ வைப்பதைக் குற்றம் என்று எந்தப் போலீஸ்காரரும் உடனே சொல்லிவிட முடியாதே. அப்புறம் 'ஜென்ஸ்கயா ப்ராவ்தா', பெண்களின் உண்மை என்றொரு பத்திரிகை. கோப்பை இறக்கி வீட்டு பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளலாம். பார்த்தால் இலவசமாகத் தபால்பெட்டியில் சொருகிவிட்டுப் போகும் உள்ளூர் விளம்பரத் தாள் மாதிரியே இருக்கும். ராசிபலன், சமையல் குறிப்பு எல்லாம் உண்டு. நடுவே போர்ச்செய்தி. பாட்டிமார்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த வேஷம். இயக்கத்துக்கு 2023-இல் ஆகன் அமைதிப் பரிசு கிடைத்தது. உள்நாட்டிலும் ஒன்று கிடைத்தது: 2024-இல் 'வேண்டத்தகாத அமைப்பு' என்ற பட்டம். அதில் பங்கெடுத்தாலே வழக்கு.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 நோபல் அமைதிப் பரிசை ரஷ்யாவின் மனித உரிமை அமைப்பான மெமோரியல், உக்ரைனின் குடிமைச் சுதந்திர மையம், பெலாரூஸின் மனித உரிமைப் போராளி அலேஸ் பியாலியாட்ஸ்கி மூவருக்கும் சேர்த்துக் கொடுத்தபோது, உக்ரைனில் பலருக்குப் பிடிக்கவில்லை. அடித்த நாட்டையும் அடி வாங்கிய நாட்டையும் ஒரே மேடையில் ஏற்றுகிறார்களே என்று அதிபரின் ஆலோசகர் பொதோல்யாக்கே சலித்துக்கொண்டார். நியாயம்தான். ரஷ்யப் பெண்ணையும் உக்ரைன் பெண்ணையும் உட்கார வைத்துக் கைகுலுக்கப் படம் எடுக்க ஐரோப்பாவில் ஆசைப்படுவோர் நிறைய. செச்சென் பெண் பாய் விரித்தது அவளாக எடுத்த முடிவு. விரிக்கச் சொல்ல மூன்றாம் ஆளுக்கு என்ன உரிமை? இப்போதைக்கு விரிக்க மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால், அங்கே பேச்சை நிறுத்துவதும் கூட்டுறவில் சேர்த்திதான்.

வெளிநாட்டுப் பணம்தான் சிக்கல் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு 'புத் தமோய்' கதையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வழி என்று பொருள். 2022 செப்டம்பரில் திரட்டப்பட்ட 3,00,000 ஆண்களின் மனைவிமார்களும் அம்மாக்களும்தான் இவர்கள். புருஷனைத் திருப்பி அனுப்பு என்பதுதான் முதல் கோரிக்கை. வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் கிரெம்ளின் மதிலோரத்தில் பெயர் தெரியாத சிப்பாயின் கல்லறையில் சிவப்புக் கார்னேஷன் வைத்தார்கள். எந்த அறக்கட்டளையின் படிவத்தையும் நிரப்பியவர்கள் இல்லை. 2024 மே 31 அன்று இயக்கத்துக்கும் அதில் முன்னின்ற மரீயா அந்த்ரேயெவாவுக்கும் முகவர் முத்திரை. 2022 டிசம்பரிலிருந்து சட்டம் மாறிவிட்டது. பணம் வாங்கியிருக்கவே வேண்டாம், 'வெளிநாட்டுச் செல்வாக்கு' இருந்தால் போதும்.

2014-இல் என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு அது அப்போதே தெரிந்திருந்ததோ என்னவோ. கடைசி இரவு, நாங்கள் உங்களுக்கு உண்மையில் என்ன செய்தால் உதவும் என்று கேட்டேன். பயிற்சி, நிதி என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் எடுக்கும் ஒரு பெண். விசாக் கடிதம் கேட்டால் ஒரே நாளில் தரும் ஒரு பெண். எங்களைப் பிடித்தால் உடனே கத்துங்கள், ஆனால் எங்களிடம் கேட்டுவிட்டுக் கத்துங்கள். நாலாவது விரலை மடக்கும்போது முகாமில் கொடுத்த பையைத் தூக்கிக் காட்டினார்: "லோகோ இல்லாத நோட்டு."

அந்த மின்னஞ்சலுக்கு, படம் எடுத்தவரையும் சேர்த்து 23 என்று பதில் போட்டேன். ஏன் அவர் எடுத்தார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

முகாம் முடிந்த மறுநாள் காலை அவர் முதல் விமானத்தில் போய்விட்டிருந்தார். பில் கட்டப் போனபோது, அறையில் விட்டுப்போன சாமான் என்று ரிசப்ஷன் பையன் அவருடைய பையைக் கொடுத்தான். உள்ளே பேனா, கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை, அப்புறம் நோட்டின் முன்னட்டையும் பின்னட்டையும். தாள் ஒன்றுகூட இல்லை. தையலை அறுத்து, எழுதியதை மட்டும் எடுத்துப் போயிருந்தார்.